பெற்றோல் முள்ளும் காலிதீன் மாஸ்டரும்

தோஹா, கத்தார்.
1981 பெப்ரவரி 6, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 4.20. நான் இங்கு வந்து 212 நாட்கள். உங்களிடமிருந்து வந்த கடிதம் ஒன்று. அதில் காரைப் பற்றிப் பதினேழு வரிகள், மற்றதெல்லாம் சேர்த்து நான்கு வரிகள்.

அன்புள்ள ஸைனுலாப்தீன் மாமாவுக்கு மருமகன் மசூர் ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். மாமியின் முழங்கால் நோவு குறைந்ததா?

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்கு விளங்குவது இது. உங்கள் ஒஸ்ரின் ஏ ஃபோர்ட்டிக் காரின் பெற்றோல் மீற்றர் எந்நேரமும் 'நிறைவு' என்றே காட்டுகிறது. அதை நம்பி மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிப் போகையில் களுவாஞ்சிகுடியில் பெற்றோல் தீர்ந்து நின்றுவிட்டீர்கள். கார் திருத்தும் செல்லத்தம்பி பாஸ் "மீற்றரை மாத்துங்க" என்கிறார். பாஸ் நல்ல மனிதர். ஆனால் சோதிக்காமல் மாற்றச் சொல்வது வைத்தியம் இல்லை, சோதிடம்.

டாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு வயர் மீற்றருக்கு வருகிறது. டாங்கிப் பக்கத்தில் அந்த வயரைக் கழற்றுங்கள். சாவியைத் திருப்பி வைத்து, வயரின் நுனியை, டாங்கி வாயிலிருந்து எட்ட, காரின் இரும்பில் தொடுங்கள். முள் சட்டென்று வெறுமைக்கு விழுந்தால் வயரும் மீற்றரும் சரி, மிதவை பிழை. விழாவிட்டால் வயர் அல்லது மீற்றர் பிழை. நான் அம்பாறையில் மூன்று வருடம் படித்ததில் பாதி இதுதான்.

நீங்கள் சொல்லச் சொல்லக் கடிதத்தை வழக்கம்போலப் பள்ளிக்கூடத்துக் காலிதீன் மாஸ்டர்தான் எழுதித் தந்திருப்பார். அவருக்கும் என் சலாம். அடுத்த முறை "முள் கொஞ்சம் ஆடுது" என்று எழுதாமல், எவ்வளவு ஆடுகிறது என்று எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் மகள் றம்ஸியாவை எனக்குப் பேச இருப்பதாகவும், அதை நீங்களே எழுதிக் கேட்பீர்கள் என்றும் உம்மா எழுதியிருந்தா. உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் கேட்பது முறை. கேட்டால் பதில் எழுதுவேன். கேளாததற்கு எழுத மாட்டேன்.

வஸ்ஸலாம்.
மசூர்


சாய்ந்தமருது.
1.3.1981

அன்பு மருமகன் மசூருக்கு மாமாவின் ஸலாம். இங்கு எல்லோரும் அல்லாஹ் உதவியால் சுகம். மாமிக்கு மழைக்குளிர் நாளில் மட்டும் நோவு. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கிறா.

நீ சொன்னபடி செய்தோம். வயரைக் கழற்றி, சாவியைத் திருப்பி, பின் மட்கார்ட்டின் உள்பக்க இரும்பில் தொட்டோம். ஐந்து தரம் தொட்டோம். ஐந்து தரமும் முள் அசையவில்லை. "கொஞ்சம் ஆடுது" என்று முன்பு எழுதியது பிழை. பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது ஒரு நூல் அளவு நடுங்குகிறது, அவ்வளவே.

நீ சோதிடம் என்று எழுதியதைச் செல்லத்தம்பி பாஸுக்கு வாசித்துக் காட்டியதும், "கடல் தாண்டி இருந்து கடுதாசியில கார் திருத்திற ஆள் உங்கட மருமகன் மட்டுந்தான் காக்கா" என்றார். கோபமில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்.

இப்போதைக்குக் கமுகஞ் சிலாகை ஒன்றில் கீறல் போட்டு டாங்கிக்குள் விட்டுப் பார்க்கிறோம். ஒரு கீறல் ஒரு கலன். வாடகைக்கு ஏறுகிறவர்கள், "என்ன, காருக்கும் காய்ச்சல் பாக்கிறீங்களா?" என்று கேட்கிறார்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

வேறு விசேடம் இல்லை.
மாமா


தோஹா.
1981 மார்ச் 20, வெள்ளி, காலை 9.40

மாமாவுக்கு ஸலாம். நான் சுகம், இங்கு மணற்காற்று.

"இரும்பில் தொட்டோம்" என்றால் எந்த இரும்பில்? பெயின்ற் பூசிய இரும்பு இரும்பில்லை. இருபத்தெட்டு வருடம் கடற்காற்றில் நின்ற காரில் கறள் பிடித்ததும் இரும்பில்லை. இரண்டிலும் மின் ஓடாது. சுரண்டினீர்களா இல்லையா? மாஸ்டர் தமிழ் படிப்பிப்பவர், இது அவருக்குத் தெரியாதிருக்கலாம். எழுத முன் கேட்டிருக்கலாமே! இதற்காக இருபது நாள் போய்விட்டது.

பெயின்றைச் சுரண்டி மறுபடி தொடுங்கள். அப்போதும் முள் விழாவிட்டால், டாஷ்போட்டுக்குப் பின்னால் கை விட்டு, மீற்றரில் டாங்கி வயர் வந்து சேரும் ஆணியைத் துண்டு வயர் ஒன்றால் சுரண்டிய இரும்பில் தொடுங்கள். அங்கு முள் விழுந்தால் இடையிலுள்ள வயர் அறுந்திருக்கிறது. விழாவிட்டால் மீற்றர் செத்துவிட்டது. கை விட முன் பற்றரியைக் கழற்றுங்கள், சோதிக்கும்போது மட்டும் பூட்டுங்கள். மறந்தால் புகை வரும்.

மற்ற விடயத்தில் நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மாமிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.
மசூர்


சாய்ந்தமருது.
14.4.1981

அன்பு மருமகனுக்கு ஸலாம். உன் சுகத்துக்குத் துஆச் செய்கிறோம். மாமிக்கு ஒத்தடம் கொடுத்தோம், நல்லது என்கிறா.

பெயின்ற் முதல் தடவையே சுரண்டித்தான் இருந்தது. சவர அலகால் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத்தான் தொட்டோம். அதை எழுதாமல் விட்டது எழுதியவரின் பிழை. இம்முறை சந்தேகம் வேண்டாம் என்று பார்க் லைட் பல்பு ஒன்றைக் கழற்றி, பற்றரியிலிருந்து வயர் எடுத்து, அதே இடத்து இரும்பில் வைத்துப் பார்த்தோம். பல்பு எரிந்தது. ஆகவே இரும்பு இரும்புதான். டாங்கி வயரைத் தொட்டோம். முள் அசையவில்லை.

டாஷ்போட்டுக்குப் பின்னால் இடம் குறைவு. பெரிய கை போகாது, சிறிய கை போகும். மீற்றரின் ஆணியை நேரே தொட்டோம். முள் அசையவில்லை. மற்ற ஆணிக்கு மின் வருகிறதா என்று அதே பல்பால் பார்த்தோம். வருகிறது. ஆகவே மின் வரும் வயரில் குற்றமில்லை, மீற்றர் செத்துவிட்டது என்பது எங்கள் முடிவு. பாஸ் முதலில் சொன்னதும் இதுதான். ஆனால் அவர் சொன்னது சோதிடம், இது வைத்தியம்.

மாமி, "காரத் திறந்து வெச்சா மனிசன்ட முகமும் தெரியுதில்ல, சோறு காயுது" என்று ஏசுகிறா.

வேறு விசேடம் இல்லை.
மாமா


தோஹா.
1981 மே 15, வெள்ளி, பிற்பகல் 2.15

மாமாவுக்கு ஸலாம். நான் சுகம். வெயில் இப்போதே நூற்றுப் பத்து.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். இங்கு என்னோடு வேலை செய்யும் ஆறு பேரில் ஒருவருக்கும் பல்பை வைத்து இரும்பைச் சோதிக்கத் தோன்றியிராது. எனக்கும் எழுதத் தோன்றவில்லை. காலிதீன் மாஸ்டரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வேர்க்‌ஷொப்புக்கு வரலாம். இப்படி எழுதத் தெரிந்த ஒருவர் இருந்தால் நான் இங்கிருந்தே பத்துக் கார் திருத்துவேன்.

பழைய இரும்புக் கடையில் ஒரு ஆங்கிலேயக் காரிலிருந்து பெற்றோல் மீற்றர் ஒன்று கழற்றி எடுத்தேன். அதே முகம், அதே விட்டம், அதே இரண்டு ஆணி. மருதமுனை மக்கீன் ஜூன் மாதம் ஊருக்கு வருகிறார், அவரிடம் சாரத்தில் சுற்றித் தந்துவிடுகிறேன். ஐந்து நிமிட வேலை. பிழைக்க வழியே இல்லை.

உம்மாவின் கடிதங்களில் இப்போது ஒரு கோபம் தெரிகிறது. என்ன என்று எழுதவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

மசூர்


சாய்ந்தமருது.
12.7.1981, நோன்பு பத்து

அன்பு மருமகனுக்கு ஸலாம். அந்த வெயிலில் நோன்பு எப்படிப் போகிறது? இங்கு கஞ்சிக்கு உன்னை நினைக்காத நாளில்லை.

மக்கீன் தந்த மீற்றரைப் பூட்டினோம். நீ ஐந்து நிமிடம் என்றாய், நாற்பது நிமிடம் பிடித்தது. பிறகு நடந்ததை வரிசையாக எழுதுகிறோம்.

டாங்கியில் ஆறு கலன் இருக்கும்போது முள் பாதிக்குச் சற்று மேலே நின்றது. மூன்று கலன் ஓடி முடிந்ததும் முக்காலுக்கு ஏறியது. சிலாகையில் ஒரு கலன் காட்டும்போது முள் நிறைவைத் தாண்டிவிட்டது. ஓட ஓடப் பெற்றோல் ஊறுகிற கார் இலங்கையில் இது ஒன்றுதான்.

இன்னொன்று. பழைய மீற்றர் நன்றாக இருந்த காலத்தில் சாவியைத் திருப்பியதும் முள் துள்ளி எழும்பும். இது அப்படியில்லை. பத்துத் தரம் ஸலவாத்துச் சொல்லி முடிக்கும் நேரம் எடுத்து, ஊர்ந்து ஊர்ந்து ஏறுகிறது. இது முக்கியமா இல்லையா தெரியாது. எழுதி வைக்கிறோம்.

முந்தாநாள் அபுல் ஹஸன் ஹாஜியாரை அக்கரைப்பற்றுக்கு ஏற்றிப் போகையில் பெற்றோல் செட்டுக்குள் திருப்பினேன். அவர் முள்ளைப் பார்த்துவிட்டு, "என்ன ஸைனுலாப்தீன், நிறைய இரிக்கே, ஏன் திருப்புறாய்?" என்று கேட்டார். "நிறைய இரிக்கிறதாலதான் ஹாஜியார்" என்றேன். இறங்கும்வரை கதவுப் பிடியை இறுகப் பிடித்தபடியே இருந்தார். நோன்பு தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார்.

வேறு விசேடம் இல்லை.
மாமா


தோஹா.
1981 ஓகஸ்ட் 7, வெள்ளி, காலை 11.00

மாமாவுக்கும் மாமிக்கும் பெருநாள் ஸலாம். உங்கள் கஞ்சியை நினைத்து இங்கு பேரீச்சம்பழம் தின்றேன்.

பிழை என்னுடையது. பழைய வகை மீற்றர் சுருளின் காந்தத்தால் ஓடுவது, முள் துள்ளும். பிந்திய வகை தகடு சூடேறி ஓடுவது, முள் ஊரும். இரண்டுக்கும் உரிய மிதவைகள் நேர் எதிரானவை. உங்கள் காருக்குத் துள்ளுகிற வகை வேண்டும். நான் ஊர்கிற வகையை அனுப்பிவிட்டேன். முகத்தைப் பார்த்தேன், விட்டத்தைப் பார்த்தேன், வயர் வைத்துச் சோதிக்கவில்லை. சோதிக்காமல் மாற்றினேன். பாஸிடம் சொல்லுங்கள், சிரிக்கட்டும்.

மாஸ்டர் அந்த ஸலவாத்து வரியை எழுதாதிருந்தால் நான் இன்னும் உங்கள் வயரைத்தான் ஏசிக்கொண்டிருப்பேன். இதை அவருக்கு மறக்காமல் வாசித்துக் காட்டுங்கள்.

சரியான மீற்றர் கிடைக்கும்வரை சிலாகையை நம்புங்கள்.
மசூர்


கல்முனைக்குடி.
30.8.1981

மகன் மசூருக்கு உம்மாட ஸலாம். உன்ட சுகத்த அல்லாஹ் பாத்துக் கொள்ளுவான். நான் சுகமா எண்டு கேளாத, சுகமில்ல. உன்னாலதான்.

இத என்ட கையாலே எழுதுறன். கோணலெண்டாலும் வாசி.

உனக்கு அப்படி என்ன பெருமை? உன்ட மாமா நாலு கடுதாசியில கேட்டிட்டார். "மகன், றம்ஸியாவுக்கு உன்னக் கேக்கிறன், வீடும் வளவும் அவட பேர்ல எழுதியாச்சு, ஓமா இல்லையா" எண்டு. ஒவ்வொரு முறையும் கடுதாசியப் போட்டுட்டு வந்து எனக்கிட்டச் சொல்லுவார். நீ வயர், ஆணி, பல்பு எண்டு எழுதுறாய். நேத்து வந்து, "ராத்தா, வேணாமெண்டா வேணாமெண்டு எழுதட்டும். என்ட புள்ள என்ன மீற்றரா, அவன் ஆறுதலாக் கழட்டிப் பாக்க?" எண்டு கேட்டுட்டுத் தேத்தண்ணியும் குடிக்காம எழும்பிப் போறார். என்ட கூடப் பிறந்த தம்பி அவன். எனக்கு முகம் எங்க வைக்கிறதெண்டு தெரியல்ல.

மருதமுனையில இரிந்து ஜவுபர் எண்ட கைத்தறிக்காரப் பொடியனுக்கு ஆள் வந்து போகுது. ஹஜ்ஜுப் பெருநாளோட மாமா அங்க சொல்லுக் குடுத்திருவார். அதுக்குள்ள ஒரு பதில எழுது.

காலிதீன் மாஸ்டர் கெட்டிக்காரர் எண்டு எனக்கும் எழுதியிருந்தாய். அவர் பொத்துவிலுக்கு மாறிப் போய் ஒரு வருசம். மாமாட கடுதாசி எழுதுறதும், உன்ட கடுதாசிய வாசிச்சுக் காட்டுறதும் றம்ஸியாதான். காருக்குள்ள தலைய விட்டு நிக்கிறதும் அவதான். மாமி எத்தின நாள் எனக்கிட்டச் சொல்லிக் குறைப்பட்டிரிக்கா.

உன்ட உம்மா


தோஹா.
1981 செப்டெம்பர் 18, வெள்ளி, காலை 6.30

மாமாவுக்கு ஸலாம். ஆனால் இதை அவருக்கு வாசிக்க முன் நீ வாசி, றம்ஸியா. நீ சுகம்தானே?

உம்மாவின் கடிதம் நேற்று வந்தது. உங்கள் வீட்டிலிருந்து வந்த நான்கு கடிதங்களையும் கட்டிலில் பரப்பி வைத்துத் தேடினேன். மாமா கேட்டதாகச் சொல்லும் கேள்வி ஒன்றிலும் இல்லை. நான் எழுதியதும் அவர் காதுக்குப் போகவில்லை. கேட்டவர் சரி, கேட்கப்பட்டவனும் சரியென்றால் குற்றம் எங்கே என்று கண்டுபிடிக்கப் பல்பு தேவையில்லை.

எனக்கு இரண்டு விளக்கங்கள்தான் தோன்றுகின்றன. ஒன்று, நீ என்னை விரும்பவில்லை. அப்படியானால் "வேண்டாம்" என்று ஒரு சொல் எழுது. நான்தான் மறுத்தேன் என்று மாமாவுக்கு எழுதிவிடுகிறேன். ஏச்சு எனக்கு வரட்டும், நான் எட்ட இருக்கிறேன். உன்மீது ஒரு சொல்லும் விழாது. இரண்டாவது விளக்கம் என்ன என்று எனக்குத் தெரியாது. அதை நீதான் எழுத வேண்டும்.

என் பதில்: ஓம்.

இதை மாமா கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. கேளாததற்கு எழுத மாட்டேன் என்று வீறாப்பாக எழுதியது நான் விட்ட இரண்டாவது பிழை. "சிறிய கை போகும்" என்று எழுதியபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. என் மூளை ஊர்கிற வகை.

பெருநாளுக்கு இருபது நாள் இருக்கிறது. தபால் பதினைந்து நாள் எடுக்கும். கெதியாய் எழுது.
மசூர்


சாய்ந்தமருது.
5.10.1981

மசூர் மச்சானுக்கு றம்ஸியா ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உம்மாவின் முழங்காலும் சுகம். வாப்பா பக்கத்தில் இருந்து வெற்றிலை போடுகிறார். ஆனால் இது அவர் சொல்லி எழுதும் கடிதமில்லை.

"வேண்டாம்" இல்லை.

இரண்டாவது விளக்கத்தைக் கேட்டீர்கள். வாப்பா சாய்மனைக் கதிரையில் இருந்து, "எழுது புள்ள, என்ட மகளுக்கு உன்னக் கேக்கிறன்" என்று சொல்கிறார். எனக்கு நானே மாப்பிள்ளை கேட்டு என் கையால் எழுத வேண்டும். எப்படி எழுதுவது? முதல் கடிதத்தில் "வேறு விசேடம் இல்லை" என்று எழுதி ஒட்டிவிட்டேன். அடுத்த கடிதத்தில் எழுதலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் உங்கள் கடிதம் வந்தது: கேட்டால் பதில் எழுதுவேன், கேளாததற்கு எழுத மாட்டேன் என்று. வாசித்ததும் எனக்கும் கோபம் வந்துவிட்டது. அந்த வரியை வாப்பாவுக்கு வாசிக்கவில்லை. ஒன்றை மறைத்தால் அடுத்ததையும் மறைக்க வேண்டி வந்தது. காலிதீன் மாஸ்டருக்கு வந்த சலாமையெல்லாம் நானே எடுத்துக்கொண்டேன்.

பெயின்ற் சுரண்டவில்லை என்று மாஸ்டரை ஏசி எழுதினீர்களே, அன்று மருதமுனை மாப்பிள்ளைக்கே ஓம் சொல்லிவிடலாம் என்று இருந்தது. பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினீர்கள். அதனால் இன்னும் ஒரு கடிதம் பொறுத்துப் பார்த்தேன். மீற்றர் விடயத்தில் பிழை என்னுடையது என்று எழுதினீர்கள். இந்த ஊரில் கார் திருத்துகிற ஒருவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். பயமாக இருந்தது.

நேற்று அஸருக்குப் பிறகு வாப்பாவை இருத்தி, உங்கள் கடிதங்கள் ஐந்தையும் ஒரு வரி விடாமல், சலாம் உட்பட, வாசித்தேன். கடைசிக் கடிதத்தில் எனக்கு எழுதியதையும்தான். வாப்பா வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "அடி புள்ள, இவ்வளவு மாசமா என்ட வாய்க்குப் பூட்டா போட்டு வெச்சிருந்த?" என்று கேட்டார். நான் அழுதேன். உம்மா அடுப்படியில் இருந்து, "அவள் எழுதினத நம்பித்தானே காரும் ஓட்டினீங்க, நல்லாத்தானே ஓடிச்சு!" என்று குரல் கொடுத்தா. வாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கையோடு சாரத்தை மாற்றிக்கொண்டு உங்கள் உம்மாவிடம் போனார். அங்கிருந்து மருதமுனைக்கு, வேண்டாமென்று சொல்ல, ஆள் அனுப்பியாயிற்று.

எனக்கு ஒரு நிபந்தனை. சரியான மீற்றரைக் கொண்டு வாருங்கள். பூட்டுவது நான். இப்போது இருப்பதைக் கழற்றச் சம்மதிக்க வைப்பதும் லேசில்லை. வாப்பாவுக்கு அந்தத் தலைகீழ் முள் பழகிவிட்டது, வேறு ஒருவரும் காரை இரவல் கேட்பதில்லை என்கிறார்.

விசேடம் இவ்வளவும்.
றம்ஸியா


தோஹா.
1981 ஒக்டோபர் 23, வெள்ளிக்கிழமை, காலை 10.05. நான் இங்கு வந்து 471 நாட்கள். உங்கள் வீட்டிலிருந்து வந்த கடிதங்கள் ஐந்து. முழுதாக வந்தது ஒன்று.

மாமாவுக்கும் மாமிக்கும் ஸலாம். வாசிக்கிறவருக்கும் ஸலாம். எனக்கு இன்று நல்ல சுகம். ஒரு வரியும் விடாமல் வாசிக்கவும். இனி நான் செய்யப்போவது:

1. உம்மாவுக்கு இன்றே எழுதுவேன். அதில் பெற்றோல் என்ற சொல் வராது.

2. வருகிற வெள்ளி பழைய இரும்புக் கடையில் துள்ளுகிற வகை மீற்றர் தேடுவேன். பற்றரி, வயர், பல்பு மூன்றையும் கையோடு கொண்டு போவேன். ஐந்து தரம் தொடுவேன். ஐந்து தரமும் முள் துள்ளாவிட்டால் வாங்க மாட்டேன்.

3. டிசம்பர் 27 கொழும்பில் இறங்குவேன். கல்முனைக்கு பஸ்ஸில் வருவேன். மாமா காரோடு வர வேண்டாம். அந்த முள்ளை நம்பி நான் ஏற மாட்டேன்.

4. வந்த அன்றே மாமாவின் கேள்வியை அவர் வாயாலேயே கேட்டு, என் வாயாலேயே பதில் சொல்வேன்.

5. பொத்துவிலுக்குப் போய்க் காலிதீன் மாஸ்டரைக் கலியாணத்துக்கு அழைப்பேன். எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்டால், அவர் எழுதாத நான்கு கடிதங்களுக்கு நன்றி சொல்ல என்பேன்.

6. மீற்றரை றம்ஸியா பூட்டுவாள். நான் டோர்ச் பிடிப்பேன். கேட்டால் மட்டும் கதைப்பேன்.